நாணற் பேனையும் கேலிச்சித்திரக் கோடும்

கனகராயன்குளத்தில் நான் படிப்பிக்கும் பாடசாலையில் சென்ற வருடம் ஒரு தவணை முழுவதும் சித்திரப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை. வரலாறு படிப்பிக்கும் என்னிடம் ஒன்பதாம் தரத்தின் சித்திரப் பாடவேளையும் வந்து சேர்ந்தது. ஓவியம் எனக்கு வராது. ஆசிரியர் கலாசாலையில் கரும்பலகைக்குப் படம் கீறப் பழகியதோடு சரி. ஆனாலும் பழைய பத்திரிகைகளின் கேலிச்சித்திரங்களை வெட்டி ஒட்டி வைக்கும் பழக்கம் சிறு வயது முதல் உண்டு. அந்தத் துணிவில் குளக்கரை நாணலை வெட்டி, நுனியைச் சரிவாகச் சீவி, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பேனை செய்து கொடுத்தேன். மைப்போத்தலை நடுவில் வைத்தேன்.

"எங்கட ஊருக்கு வந்து போற ஒருவரைக் கீறுங்கோ. பென்சில் வேண்டாம், அழிறப்பரும் வேண்டாம்" என்றேன்.

ஒரு மாணவன் மிக விரைவாக முடித்துவிட்டான். ஒரு மோட்டார் சைக்கிள், அதன் பின்னால் துணிமூட்டை, அதன் மேல் ஒரு தொப்பி, தொப்பிக்குக் கீழே தாடி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறுந்தாள்.

"இது ஆர்?"

"உடுப்பு விக்க வாற நானா, சேர்."

"முகம் எங்கே?"

"தொப்பியைப் போட்டா விளங்கும்தானே, சேர்."

சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தான். தன் முன்னால் நிற்பவனும் ஒரு நானாதான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "நீங்கள் அப்படி இல்லை, சேர்" என்றான்.

அவனில் பிழை இல்லை. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட பின், ஏறத்தாழ இருபது வருடங்கள் இந்தப் பக்கத்து ஊர்களில் முஸ்லிம் அயலவர் என்று ஒருவரும் இருக்கவில்லை. அவனுடைய தகப்பனின் தலைமுறையே நம்மைப் பாராமல் வளர்ந்தது. 2009 இன் பின் வீதி திறந்து வியாபாரிகள் வரத் தொடங்கியபோது இந்தப் பிள்ளைகள் முதலில் கண்டது தொப்பியைத்தான். கண்டதைக் கீறினான்.

ஆனால் அந்த வெறுந்தாள் என் மனதை விட்டுப் போகவில்லை. பத்திரிகைக் கேலிச்சித்திரத்தின் மைக்கோடு எங்கிருந்து வந்தது, அது எப்போது ஒரு மனிதனைக் காட்டுகிறது, எப்போது வெறும் அடையாளத்தைக் காட்டுகிறது, அந்த வரலாற்றில் முஸ்லிம்களுக்கு என்ன இடம் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். அதில் விளைந்ததே இக்கட்டுரை.

சாம்பல் நிறம் இல்லாத கலை

ஓவியன் ஒருவனுக்கு நிறமும் நிழலும் உண்டு. பத்திரிகைச் சித்திரக்காரனுக்கு இரண்டும் இல்லை. ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்தில் ஒரு படத்தை இடுவதற்குத் தனியாக ஒரு கட்டை வேண்டும். முதலில் அது மரக்கட்டை. ஓவியன் வரைந்ததை இன்னொரு தொழிலாளி உளியால் செதுக்குவான். ஓவியனின் கையிலிருந்த துடிப்பில் பாதி செதுக்குபவனின் கையில் போய்விடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மை ஓவியத்தைப் புகைப்பட முறையால் துத்தநாகத் தகட்டில் இறக்கி, அமிலத்தால் அரித்து எடுக்கும் முறை பரவியது. நம் நாட்டு அச்சகத்தார் 'புளொக்' என்று சொன்னது இதைத்தான். அதன் பின்னரே ஓவியனின் கோடு அவன் போட்டபடியே வாசகனிடம் போய்ச் சேர்ந்தது.

அந்தப் புளொக்குக்கு ஒரு குணம் உண்டு. அதற்குக் கறுப்பும் வெள்ளையும் மாத்திரமே தெரியும். இடைப்பட்ட சாம்பல் நிறத்தைக் காட்டுவதற்குப் புள்ளி முறை வந்தபோதிலும், மலிவான பத்திரிகைத்தாளில் அது கலங்கிப் போய்விடும். கோடு எந்தத் தாளிலும் நிற்கும். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித்தாளிலும் அச்சாகின. அப்படிப்பட்ட தாளிலும் தாக்குப்பிடிக்கக் கூடியது மைக்கோடுதான்.

சாம்பல் இல்லை என்பதால் சித்திரக்காரன் ஒவ்வோர் இடத்திலும் முடிவு எடுத்தாக வேண்டும். எங்கே பேனையை அழுத்துவது, எங்கே தளர்த்துவது, எதை விடுவது? வயிறு பருத்த அதிகாரிக்கு ஒரே இழுப்பில் தடித்த வளைவு. அவன் முன்னால் நிற்கும் ஏழைக்கு நடுங்கும் மெல்லிய கோடு. நிழல் தீட்டாமலே யாருக்குப் பலம், யாருக்குப் பயம் என்பது விளங்கிவிடும். கோடு தடிப்பதும் மெலிவதும் அழகுக்காக மட்டும் நிகழ்வதல்ல. வரையப்படும் ஆளைப் பற்றி வரைபவன் சொல்லும் தீர்ப்பும் அதில் இருக்கிறது.

நமக்கு இது புதிதா? அரபு எழுத்தணி மரபில் நாணற் பேனையின் நுனி சரிவாகவே வெட்டப்படும். அதனால்தான் ஒரே இழுப்பில் எழுத்து தடித்தும் மெலிந்தும் ஓடுகிறது. பேனை நுனி இடும் சாய்சதுரப் புள்ளியை அளவுகோலாக்கி எழுத்தின் உயரத்தையும் வளைவையும் வரையறுத்தவர் என்று பக்தாதின் இப்னு முக்லாவைச் சொல்வார்கள். 940 இல் மறைந்த அவர் அமைச்சராக இருந்து, தண்டனையாக வலக்கையை இழந்தவர். கோட்டுக்கு உயிர் உண்டு என்பதை ஆயிரம் வருடங்களுக்கு முன்பே கற்றுத் தேர்ந்த சமூகம் நாம். கேலிச்சித்திரக் கோட்டைக் கண்டு அந்நியப்பட வேண்டியதில்லை.

கல்லச்சின் கொடை

கையால் எழுதும் கோட்டை அப்படியே அச்சில் ஏற்றிய முறை கல்லச்சு. எண்ணெய்ப் பசையுள்ள மையால் தாளில் எழுதி அதைச் சுண்ணாம்புக் கல்லில் பதித்து எடுப்பார்கள். எண்ணெயும் நீரும் ஒட்டாது என்பதே அதன் சூத்திரம். அதில் எழுத்தும் படமும் ஒரே பேனையால் வரும். உளிக்கு வேலையில்லை.

இம்முறையைக் கொண்டு படக்கதையை உருவாக்கியவர் ஜெனீவா நகரின் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதை அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை வாசகர்கள் மன்னிக்க வேண்டும். ருடோல்ஃப் தோப்ஃபர் (1799-1846) கண் கோளாறினால் ஓவியராக முடியாமல் ஆசிரியத் தொழிலுக்கு வந்தவர். தன் மாணவர்களைச் சிரிக்க வைக்கக் கீறிய கதைகளை 1833 முதல் கல்லச்சில் வெளியிட்டார். மூக்கின் ஒரு வளைவை மாற்றினால் மனிதனின் குணமே மாறித் தெரிவதை விளக்கி 1845 இல் ஒரு சிறு நூலும் எழுதினார். பத்திரிகைப் படக்கதைகளின் மூதாதை என்று இன்று அவரைக் குறிப்பிடுகிறார்கள்.

முஸ்லிம் நாடுகளில் கல்லச்சு வேறொரு காரணத்தால் வேரூன்றியது. உருது, பாரசீகம் ஆகியவற்றின் நஸ்தலீக் எழுத்து சரிந்து பிணைந்து ஓடுவது. அதை ஈய எழுத்தில் வார்ப்பது கடினம். ஆகவே காத்திபுகள் கையால் எழுதினர், கல் அச்சடித்தது. எழுதும் தாளின் ஓரத்தில் ஒரு படத்தையும் கீறினால் மேலதிகச் செலவில்லை. லக்னோவில் முன்ஷி சஜ்ஜாத் ஹுசைன் 1877 இல் தொடங்கிய 'அவத் பஞ்ச்' என்ற உருது வார இதழ் இவ்வாறு பிறந்தது. லண்டன் 'பஞ்ச்' இதழின் பெயரை எடுத்துக்கொண்டு அந்த லண்டனின் ஆட்சியையே கிண்டல் செய்தது அது.

அதே காலத்தில் எகிப்தில் யஃகூப் சனூ 'அபூ நழ்ழாரா' என்ற கேலி இதழைத் தொடங்கினார். 'கண்ணாடிக்காரர்' என்று பொருள். சனூ ஒரு யூதர். அவருக்கு ஊக்கமளித்தவர்களோ ஜமாலுத்தீன் அல்-ஆப்கானியும் அவரது மாணவர் முஹம்மத் அப்துஹுவும். கெதீவ் இஸ்மாயீலைக் கேலி செய்ததற்காக 1878 இல் நாட்டைவிட்டுப் போக நேர்ந்த சனூ, பாரிஸில் இருந்து கையெழுத்தும் படமுமாகக் கல்லச்சில் இதழை அடித்து எகிப்துக்குள் இரகசியமாக அனுப்பினார். எழுத வாசிக்கத் தெரியாத ஃபல்லாஹீன் உழவர்களுக்கும் படம் விளங்கியது. அந்த இதழ் போற்றிய வீரர் அஹ்மத் உராபி பாஷா. 1882 இல் தோற்கடிக்கப்பட்டு 1883 ஜனவரியில் நம் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கிய அதே உராபி பாஷாதான். பாரிஸில் கோட்டால் வரையப்பட்ட மனிதர், 1901 வரை இத்தீவில் நம் முன்னோரோடு ஜும்ஆத் தொழுதார்.

உராபி வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, 1882 டிசம்பரில், அறிஞர் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கியிருந்தார். உராபியோடு நெருங்கிப் பழகியவர் அவர். அறபுத் தமிழ் நூல்களை நம் முன்னோர் கல்லச்சில் அடித்தும் வந்தனர். பேனையும் கல்லும் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தன. ஆனால் நம் கல்லச்சு மார்க்கக் கல்விக்குச் சேவை செய்தது, கேலிச்சித்திரத்தின் பக்கம் திரும்பவில்லை. நம் பத்திரிகைகளோ தமிழ் ஈய எழுத்தின் வழியில் சென்றன. அங்கே ஒரு படம் என்றால் தனிக்கட்டை, தனிச்செலவு. லக்னோவும் கெய்ரோவும் போன வழியில் நாம் போகாததற்கு மார்க்கத் தயக்கம் மாத்திரமே காரணம் என்று பலர் கருதுவதுண்டு. அச்சுக்கூடத்தின் கணக்கும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

1906: இரண்டு இதழ்கள்

1906 ஏப்ரலில் காகசஸ் மலைநாட்டின் திஃப்லிஸ் நகரில் 'முல்லா நஸ்ருத்தீன்' என்ற இதழ் வெளிவந்தது. மே மாதத்தில் சென்னையில் 'இந்தியா' வார இதழ் வெளிவந்தது. ஒன்றையொன்று அறியாத இரண்டும் ஒரே ஆயுதத்தைக் கையில் எடுத்தன.

'இந்தியா'வுக்கு ஆசிரியப் பொறுப்பு ஏற்றவர் பாரதியார். தமிழ் இதழியலில் அரசியல் கருத்துப்படத்தைத் தொடங்கி வைத்தவர் அவரே. படத்தின் கருவை அவர் சொல்ல, ஓவியர் வரைவார். படத்துக்குரிய விளக்கத்தையும் பாரதியார் எழுதுவார். 1908 இல் அடக்குமுறைக்குத் தப்பி இதழ் புதுச்சேரிக்குப் போன பின்னும், 1910 இல் நிற்கும் வரை படங்கள் தொடர்ந்தன. அவற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி தொகுத்து 1994 இல் நூலாக்கினார். அந்தப் படங்களில் கோட்டை விடக் கருத்தே முந்தி நிற்கிறது. தமிழில் கோடு தன் காலில் நின்றது 1930களில், 'ஆனந்த விகடன்' இதழில் மாலி வந்த பிறகு. எவ்வளவு குறைவாக வரையலாம் என்று பார்த்தவர் மாலி. அவர் வழியில் வந்தவர் கோபுலு.

'முல்லா நஸ்ருத்தீன்' ஆசிரியர் ஜலீல் மம்மத்குலுசாதே கோரி நகரின் ஆசிரியர் கலாசாலையில் பயின்று, சுமார் பத்து வருடங்கள் கிராமப் பள்ளிகளில் படிப்பித்தவர். இலஞ்சம் வாங்கும் அதிகாரி, சிறுமியை மணக்கும் செல்வந்தர், பெண்கல்வியைத் தடுக்கும் முல்லா, அந்நிய வல்லரசு என்று ஒருவரையும் அந்த இதழ் விடவில்லை. அதற்கு எதிராகப் பத்வாக்கள் வந்தன. இதழ் 1921 இல் தப்ரீஸுக்கும் 1922 இல் பாக்கூவுக்கும் இடம் மாறி 1931 வரை உயிரோடிருந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முஸ்லிம்களுக்காக முஸ்லிம் ஒருவர் நடத்திய இவ்விதழின் முதல் ஓவியர்களான ஷ்மெர்லிங், ரொட்டர் இருவரும் ஐரோப்பிய வம்சாவளியினர். திறமைசாலிகள். தடித்த வெளிக்கோட்டில் தெருவையும் பள்ளிவாசல் முற்றத்தையும் அருமையாகக் காட்டினர். பின்னர் பாக்கூப் பகுதியைச் சேர்ந்த அஸீம் அஸீம்சாதே (1880-1943) வந்து சேர்ந்தார். ஓவியக் கல்லூரி காணாதவர். முன்னவர்களின் படத்தில் முல்லா ஒரு வகை மனிதர். அஸீம்சாதேயின் படங்களில் அவர் அடுத்த வீட்டுக்காரர். கல்யாண வீட்டில் யார் எங்கே உட்காருவார், ஏழை வீட்டில் நோன்பு திறக்க என்ன இருக்கும் என்பதெல்லாம் அவருடைய கோட்டுக்குத் தெரிந்திருந்தது. கேலி குறையவில்லை, ஆனால் அந்தக் கேலிக்குள் உறவு இருந்தது.

நமது தீவில்

இலங்கைப் பத்திரிகைக் கேலிச்சித்திரத்தில் முதலில் நினைவுக்கு வருபவர் ஓப்ரி கொலெட் (1920-1992). பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்த இவரும் தொடக்கத்தில் சித்திர ஆசிரியராக இருந்தவரே. '43 குழு' ஓவியர்களுள் ஒருவர். ஆங்கிலப் பத்திரிகைகளில் அரசியல்வாதிகளை அவர் வரைந்த விதம் சுதந்திரத்தின் பிந்திய இலங்கைக்கே ஒரு முகப்புத்தகம் எனலாம்.

தமிழில் அந்த இடம் 'சிரித்திரன்' சுந்தருக்கு உரியது. கரவெட்டியில் 1924 இல் பிறந்த சி. சிவஞானசுந்தரம் பம்பாய்க்குக் கட்டடக்கலை படிக்கப் போய்க் கேலிச்சித்திரக்காரராகத் திரும்பி வந்தவர். 'தினகரன்' பத்திரிகையில் அவர் உலவவிட்ட சவாரித் தம்பர், யாழ்ப்பாணத்து மாட்டுவண்டிச் சவாரியிலிருந்து எழுந்து வந்த பாத்திரம். பின்னர் 1960களின் முற்பகுதியில் தொடங்கிய 'சிரித்திரன்' இதழில் மைனர் மச்சானும், கொழும்பு மோகத்தில் தாமோதரன் என்ற பெயரையே திரித்துக்கொண்ட மிஸ்டர் அன்ட் மிஸிஸ் டாமோடிரானும் வந்தார்கள். 1996 இல் சுந்தர் மறைந்தார். 'கார்ட்டூன் உலகில் நான்' என்ற தன்வரலாற்று நூலையும் எழுதினார்.

சுந்தர் கேலி செய்தது தன் சொந்த ஊரை. அதன் சாதித்திமிர், சீதன ஆசை, போலிப் பகட்டு எல்லாவற்றையும் சிறிய கோட்டிலும் ஊர்ப்பேச்சிலும் பிடித்துவிடுவார். ஆனால் தம்பரைப் பார்க்கும் வடமராட்சிக்காரருக்குக் கோபம் வராது. "இது எங்கட பெரியப்பா" என்று சிரிப்பார். ஒரு சமூகம் தன்னையே வரையும்போது கிடைக்கும் பேறு அது.

நம் சிறுகதைகளில் அப்படிப்பட்ட மனிதர்கள் நிறையவே உண்டு. பத்திரிகைச் சித்திரத்தில் மாத்திரம், தம்பரைப் போல ஊரெல்லாம் பெயர் சொல்லும் ஒரு காக்காவோ ராத்தாவோ நமக்கு வாய்க்கவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் தொப்பி வந்து உட்கார்ந்தது.

தொப்பியின் கதை

தொப்பி நமக்கு இழிவு அல்ல. 1905 இல் வழக்கறிஞர் எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியுடன் உயர் நீதிமன்றத்தில் தோன்றுவதற்குத் தடை விதிக்கப்பட்டபோது, அவ்வருடம் டிசம்பர் 31 ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசலில் நம்மவர்கள் பெருங்கூட்டம் கூட்டித் தம் உரிமையைக் கேட்டார்கள். அதே தொப்பி லண்டன் 'பஞ்ச்' போன்ற இதழ்களில் துருக்கியைக் குறிக்கும் சுருக்கெழுத்தாகவும் இருந்தது. ஒருவர் தானாக விரும்பி அணிவது ஒன்று. பிறர் அவர் முகத்தை அழித்துவிட்டு அவருக்கு அணிவிப்பது வேறொன்று. கோடு சிக்கனமான கலை என்பதால் இந்த ஆபத்து அதனோடு கூடவே பிறந்தது. நாலு கோட்டில் ஆளைக் காட்ட வேண்டியவன் எளிதான கோட்டைத் தேடுவான்.

பெரிய கலைஞர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். டேவிட் லோவின் தூரிகைக் கோட்டை உலகமே பாராட்டியது. மைசூரில் சிறுவனாக இருந்த ஆர். கே. லக்ஷ்மண் அவரது கையொப்பத்தை 'கௌ', அதாவது பசு, என்று வாசித்துக்கொண்டே அந்தப் படங்களில் மயங்கினாராம். அந்த லோ 1925 ஆகஸ்டில் லண்டன் 'ஸ்டார்' பத்திரிகையில் கிரிக்கெட் வீரர் ஜாக் ஹொப்ஸைப் பற்றி ஒரு படம் வரைந்தார். வரலாற்றுப் பெரியார்கள் சூழ ஹொப்ஸ் பெரும் சிலையாக நிற்கிறார். அப்பெரியார்களின் வரிசையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களையும் உருவமாக வரைந்திருந்தார். லண்டனிலும் பின்னர் கல்கத்தாவிலும் முஸ்லிம்கள் கொதித்தெழுந்தனர். அவரது கேலி ஹொப்ஸைப் பற்றியதே. ஆனால் தான் அறியாத மக்களின் நெஞ்சில் எது எங்கே இருக்கிறது என்பது அந்தத் தூரிகைக்குத் தெரியவில்லை. டென்மார்க்கில் 2005 செப்டெம்பரில் வெளியான படங்களின் கதை வேறு. அங்கே தலைப்பாகையே வெடிகுண்டாயிற்று. அறியாமை அல்ல, தெரிந்தே செய்த முகமழிப்பு அது.

நமக்கென ஒரு கோடு

உருவம் வரைவது பற்றிய ஹதீஸ்களை நான் அறிவேன். உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாடுகளையும் அறிவேன். நான் ஆலிம் அல்லன். தீர்ப்புச் சொல்ல வரவில்லை. வரலாற்று ஆசிரியன் என்ற அளவில் ஒன்றை மாத்திரம் சொல்கிறேன். நாம் வரையாவிட்டாலும் நம்மை வரைகிறார்கள். தினமும் காலையில் பத்திரிகையோடு அது நம் வீட்டுக்குள் வருகிறது. வரைபவன் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. என் மாணவனைப் போல, தொப்பியை மட்டுமே கண்ட நல்ல பிள்ளையாகவும் இருக்கலாம். அவனுக்கு நம் முகத்தைக் காட்டும் கடமை நமக்கு உண்டு. சீதனம், வீண் பகட்டு, பள்ளி நிர்வாகச் சண்டை என்று நாம் நம்மையே சிரித்துத் திருத்திக்கொள்ள வேண்டியவையும் கொஞ்சமல்ல. அவற்றை வெளியிலிருந்து ஒருவர் கேலி செய்தால் நமக்குக் கோபம்தான் வரும். உள்ளிருந்து ஒருவர் கேலி செய்தால் வெட்கம் வரும். திருந்துவது வெட்கத்தால்தான்.

நம் இலக்கிய இதழ்கள் கவிதைக்கும் கதைக்கும் ஒதுக்கும் பக்கங்களில் ஒன்றை இளம் சித்திரக்காரருக்கு ஒதுக்கலாம். கல்லச்சும் புளொக்கும் கேட்ட செலவு இன்று இல்லை. ஒரு பேனையும் ஒரு கைத்தொலைபேசியும் போதும்.

அந்த மாணவனிடம் நான் வேறொன்றும் சொல்லவில்லை. "அடுத்த முறை அவர் வரும்போது வடிவாகப் பார்த்துவிட்டுக் கீறு" என்றேன். இரண்டு கிழமை கழித்துப் புதிய படத்தோடு வந்தான். வியாபாரி பல்லால் கயிற்றைக் கடித்து மூட்டையை இறுக்கிக் கட்டுகிறார். ஒரு புருவம் உயர்ந்திருக்கிறது. மூக்கு நல்ல தடித்த கோட்டில் வந்திருந்தது. தொப்பியும் இருந்தது, அதன் அளவில், தலையின் மேல்.

வியாபாரி பாடசாலைப் படலையால் போனபோது கூப்பிட்டுக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "எண்ட மூக்கு இவ்வளவு பெருசா, சேர்?" என்று கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மாணவனிடம், "தம்பி, இதில ஒண்டு எனக்கும் கீறித் தாங்க, வீட்ட காட்டணும்" என்றார்.